கப்பல் டூரா, நாமே சுற்றுவதா? தென்கிழக்காசியத் துறைமுகங்களுக்குச் சேலத்திலிருந்து ஒரு கணக்கு

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் பெரியப்பாவும் பெரியம்மாவும், சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் அத்தையும் மாமாவும் வரும் தை, மாசியில் நீண்ட கப்பல் பயணம் ஒன்று போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் ஏறி சிங்கப்பூரிலேயே இறங்குவது. முதல் சுற்றில் கிள்ளான், பினாங்கு, புக்கெட். சிங்கப்பூருக்குத் திரும்பிய பிறகு அடுத்த சுற்றில் தாய்லாந்தின் லேம் சபாங், வியட்நாமின் பூ மை, சான் மே, கடைசியாக இந்தோனேசியாவின் செமராங், பாலி. நான்கு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். பெரியப்பாவுக்கு முட்டி வலி. பெரியம்மாவும் அத்தையும் சுத்த சைவம்.

கரையில் இறங்கி ஊர் பார்க்கக் கப்பல் கம்பெனி விற்கும் டூரை வாங்குவதா, நாமே கிளம்பிப் போவதா என்று பெரியப்பா கேட்டார். பயணம் முழுவதற்கும் ஒரே முடிவு எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். கப்பலிலிருந்து இறங்கும் இடத்துக்கும் பார்க்க வேண்டிய இடத்துக்கும் நடுவே எத்தனை மணி நேரச் சாலை இருக்கிறது என்று ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

கப்பல் டூரில் தலைக்கு இவ்வளவு என்று காசு. பஸ், கைடு, நுழைவுச் சீட்டு, நீண்ட டூர் என்றால் மதியச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். விலை கூடுதல், கூட்டமும் கூடுதல், பிடித்த இடத்தில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கலாம் என்றால் முடியாது. ஆனால் அதற்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. அந்த பஸ் சாலையில் மாட்டிக்கொண்டால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்கு அவர்களே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். சொந்தமாகப் போனவர்களுக்காகக் கப்பல் நிற்காது.

சொந்தமாகப் போவதிலும் இரண்டு வகை உண்டு. இறங்கியபின் நடந்தோ, பஸ், ரயில், கிராப் செயலியில் வண்டி பிடித்தோ போவது ஒன்று. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா ஐந்திலும் கிராப் ஓடுகிறது. ஊரில் இருக்கும்போதே உள்ளூர் வேன்காரரைப் பேசி வைப்பது இன்னொன்று. வேன் வாடகை வண்டிக்குத்தான், தலைக்கு இல்லை. தனியாகப் போகிறவருக்குக் கப்பல் டூர் கட்டுபடியாகலாம், நான்கு பேருக்குப் பெரும்பாலும் வேன்தான் மலிவு.

இவை தவிர, பலருக்குத் தெரியாமல் போகும் ஒரு வழியும் இருக்கிறது. தூரத்து நகரங்களுக்குப் பல கப்பல் கம்பெனிகள் வெறும் போக்குவரத்து பஸ் மட்டும் விடுகின்றன. காலையில் நகரத்தின் நடுவில் இறக்கிவிட்டு, சொன்ன நேரத்தில் ஏற்றிக்கொள்வார்கள். கைடு கிடையாது, சாப்பாடு கிடையாது. முழு டூரைவிட விலை குறைவு, ஆனால் அது கப்பலின் பஸ் என்பதால் அந்தப் பாதுகாப்பு கிடைக்கும். டூர் பட்டியலின் அடியில் இதைத் தேடிப் பாருங்கள்.

கப்பலைத் தவறவிடுவது பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதும்போது, பரவாயில்லை, விமானம் பிடித்து அடுத்த துறைமுகத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்பார்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அது அவ்வளவு லேசு இல்லை. அடுத்த நாட்டில் விமானத்தில் போய் இறங்க விசா வேண்டியிருக்கலாம். பல கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி அலுவலகத்தில் வைத்துக்கொள்வார்கள். அப்போது கையில் இருப்பது கப்பல் அட்டையும் ஜெராக்ஸும் மட்டும்தான். ஆகவே நேர விஷயத்தில் நாம் மற்றவர்களைவிடக் கூடுதல் ஜாக்கிரதையாக இருந்தாக வேண்டும். இந்தப் பயணத்தில் சிங்கப்பூருக்குள் மூன்று முறை நுழைய வேண்டியிருப்பதால், பல முறை நுழைய அனுமதிக்கும் விசாவா என்பதையும் டிக்கெட் போடும் முன்பே பார்த்துவிடுங்கள். மற்ற நாடுகளின் விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்பும் மாதத்தில் அந்தந்த நாட்டின் அரசுத் தளத்தில் பார்ப்பதுதான் சரி.

அப்புறம் கடிகாரம். சிங்கப்பூர், மலேசியா, பாலி மூன்றும் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால். தாய்லாந்து, வியட்நாம், செமராங் இருக்கும் ஜாவா ஆகியவை ஒன்றரை மணி முன்னால். கப்பல் தன் கடிகாரத்தை மாற்றினாலும் மாற்றும், மாற்றாமலும் விடும். திரும்ப வேண்டிய நேரம் கப்பல் நேரப்படிதான் எழுதப்பட்டிருக்கும். மாமாவின் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துவிட்டு, கைபேசி காட்டும் நேரத்தைக் கரையில் நம்பாமல் இருப்பது நல்லது.

கப்பல் காலை 8 மணிக்குக் கட்டி மாலை 6 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுமதி முடிந்து வெளியே வர 9 ஆகிவிடும். கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் கப்பலுக்குள் இருக்க வேண்டும். சொந்தமாகப் போகிறவர்கள் அதற்கும் ஒரு மணி நேரம் முன்பாகத் துறைமுக வாசலில் நிற்க வேண்டும் என்று நான் சொல்வேன். மிச்சம் இருப்பது ஏழு மணி நேரம். இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் பார்க்கலாம்.

பினாங்கு: டூர் வாங்கவே வேண்டாம்

கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனின் நடுவிலேயே இருக்கிறது. வெளியே வந்து சாலையைக் கடந்தால் ஊர். 1786-ல் பிரான்சிஸ் லைட் வந்து இறங்கிய இடத்தில் இருக்கும் கார்ன்வாலிஸ் கோட்டை நடக்கும் தூரம்தான். அங்கிருந்து லிட்டில் இந்தியாவும் பக்கம். பூக்கடை, பாத்திரக்கடை, இட்லி, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். குயின் தெருவில் 1833-ல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில். கொஞ்சம் தள்ளி, தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவராக இருந்த காதர் மொகிதீன் 1801-ல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இன்னும் சில தெருக்கள் நடந்தால் சீனர்களின் கூ குலத்தார் கட்டிய கூ கொங்சி மண்டபம். கூரையிலும் தூண்களிலும் இருக்கும் செதுக்கு வேலையைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். கடலுக்குள் மரக்கால் நட்டுக் கட்டிய குலத் துறை வீடுகளையும் விடாதீர்கள். 2008-ல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

தென்கிழக்காசியாவில் ஒரே ஒரு துறைமுகத்தில்தான் இறங்குவேன் என்று யாராவது சொன்னால் நான் பினாங்கைத்தான் சொல்வேன். நம் ஊர் ஆட்கள் இருநூறு வருடமாகப் போய் வந்த ஊர் இது. கைடு இல்லாமலேயே ஒவ்வொரு தெருவும் நம்மிடம் பேசும். பெரியப்பாவுக்கு முட்டி வலித்தால் மர நிழலில் ரிக்‌ஷா நிற்கும், பழைய நகருக்குள் சுற்றும் இலவச பஸ்ஸும் உண்டு.

கப்பல் டூர் பட்டியலில் பினாங்கு மலை ரயில் பெரிதாக இருக்கும். 1923-ல் தொடங்கிய, இழுவைக் கம்பியில் ஏறும் ரயில் அது. நல்ல அனுபவம்தான். ஆனால் மலை உயரம் 833 மீட்டர். 1,500 மீட்டர் உயர ஏற்காட்டில் தினமும் பனிமூட்டத்தில் எழுந்து தோட்டத்துக்குள் போகிறவர்கள், வரிசையில் நின்று அந்தக் குளிர்ச்சியைத் தேட வேண்டியதில்லை. அந்த மூன்று மணி நேரத்தை ஜார்ஜ் டவுன் தெருக்களுக்கே கொடுங்கள். சாதிக்காய்ச் சாறு விற்பார்கள், கட்டாயம் குடித்துப் பாருங்கள்.

கிள்ளான்: வேன், அதுவும் நாள் பார்த்து

இங்கே பலர் ஏமாறுவது பெயரில். கப்பல் அட்டவணையில் கோலாலம்பூர் என்று போட்டிருக்கும், ஆனால் கப்பல் கட்டுவது கிள்ளான் பக்கத்தில் இண்டா தீவில். கோலாலம்பூருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலை. முனையத்திலிருந்து நடந்து போய் ரயில் பிடிக்க முடியாது. நான்கு பேருக்கு வேன்தான் சரி. தமிழ் பேசும் டிரைவர்கள் இங்கே தாராளமாகக் கிடைப்பார்கள், பெரியவர்களுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை.

எங்கே போவது? நாலு பேரும் முதலில் சொன்னது பத்துமலை. வாழப்பாடி பக்கம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-ல் குடமுழுக்கு நடந்த 146 அடி முத்துமலை முருகனை இவர்கள் பலமுறை கும்பிட்டிருக்கிறார்கள். பத்துமலைச் சிலை 140 அடி, 2006-ல் திறக்கப்பட்டது. இரண்டையும் செய்தவர் திருவாரூர் தியாகராஜன் ஸ்தபதி. ஆகவே சேலத்துக்காரர்களுக்குப் பத்துமலையில் புதிதாக இருப்பது சிலைக்குப் பின்னால் இருப்பதுதான்: 272 படி ஏறிப் போனால் வரும் சுண்ணாம்புக் குகை, மேலே திறந்த கூரை வழியாக விழும் வெளிச்சம், உள்ளே கோயில். படி ஏற முடிந்தவர்களுக்கு இந்த நாள் முழுக்க முழுக்கத் தகும். பெரியப்பாவுக்கு அடிவாரத்தோடு சரி என்றால், சிலையைப் பார்ப்பதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போவதா என்று அவர்தான் யோசிக்க வேண்டும். அவருக்குக் கிள்ளான் ஊரிலேயே தெங்கு கிளானா சாலையில் இருக்கும் லிட்டில் இந்தியா, சாப்பாடு, கோயில், மதியத்துக்குள் கப்பல் என்று ஒரு சின்னச் சுற்று போதும். இரண்டு பேர் அங்கே, இரண்டு பேர் இங்கே என்று பிரிந்து போவதில் தப்பே இல்லை.

தை, மாசி என்பதால் தைப்பூசத் தேதியைக் கப்பல் அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். கிள்ளானில் கப்பல் நிற்கும் நாளும் பூசமும் ஒன்றாக வந்தால் பத்துமலைக்கு வேனில் போய்த் திரும்புவதை மறந்துவிட வேண்டும். லட்சக்கணக்கில் கூட்டம் வரும், சாலைகளை அடைப்பார்கள். பினாங்கில் நிற்கும் நாளில் பூசம் வந்தால் அது பெரிய பாக்கியம். வெள்ளி ரத ஊர்வலத்தையும் தண்ணீர்ப்பந்தல்களையும் நடந்தே பார்க்கலாம், கப்பலுக்கு நடந்தே திரும்பலாம்.

புக்கெட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பெரிய கப்பல் பதோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டால் சிறு படகில்தான் கரைக்கு வர வேண்டும், கப்பல் டூர் வாங்கியவர்களுக்கு அதில் முதலிடம் கொடுப்பார்கள். அலையில் ஆடும் படகில் முட்டி வலியோடு ஏறி இறங்குவது சிரமம். பெரியப்பா அன்றைக்குக் கப்பலிலேயே ஓய்வெடுக்கட்டும்.

லேம் சபாங்: ஒரு நாளா, இரண்டு நாளா என்பதே கேள்வி

அட்டவணையில் பாங்காக் என்று போட்டிருக்கும். துறைமுகத்திலிருந்து பாங்காக் ஏறத்தாழ 130 கிலோமீட்டர், சேலத்திலிருந்து திருச்சி போகிற மாதிரி. போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், நகர நெரிசலில் சிக்கினால் இன்னும் கூடும். ஏழு மணி நேரத்தில் சாலை நான்கரை, ஐந்தைத் தின்றுவிடும். மிச்ச நேரத்தில் அரண்மனையும், 46 மீட்டர் நீளத்துக்குப் புத்தர் சயனித்திருக்கும் வாட் போவும் அவசர அவசரமாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். அரண்மனையில் மதியம் மூன்றரைக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். தோளும் முட்டியும் மூடிய உடை வேண்டும். புடவைக்குப் பிரச்சினை இல்லை, மாமாவின் அரைக்கால் சட்டைக்குத்தான் பிரச்சினை.

ஒரு நாள் நிறுத்தம் என்றால் பாங்காக்குக்குச் சொந்தமாகப் போகவே வேண்டாம். போயே ஆக வேண்டும் என்றால் கப்பல் டூர் அல்லது கப்பலின் போக்குவரத்து பஸ். என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம். துறைமுகத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில், பட்டாயாவின் வடக்கு ஓரம் நாக்லுவாவில், கடலோரத்தில் முழுக்க மரத்தால் எழுப்பிய சத்திய ஆலயம் இருக்கிறது. பல பத்து வருடமாகச் செதுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். பிரம்மா, விநாயகர், ராமாயணக் காட்சிகள், புத்தர் எல்லாம் தேக்கு உள்ளிட்ட மரங்களில். தச்சர்கள் உளி பிடித்து வேலை செய்வதையும் பார்க்கலாம். அரை நாளில் நிதானமாகப் பார்த்துத் திரும்பலாம்.

கப்பல் இரவும் அங்கேயே நின்றால் கதை வேறு. நீண்ட பயணங்களில் இப்படி இரண்டு நாள் நிற்பது உண்டு. அப்போது வேன் பேசி, பாங்காக்கில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வரலாம். மாபெரும் ஊஞ்சல் தூண்களுக்குப் பக்கத்தில் 1784-ல் நிறுவிய தேவஸ்தானம் என்னும் பிராமணர் கோயில் இருக்கிறது. திருவெம்பாவையின் பெயரையே தாங்கிய சடங்கு இன்றும் நடக்கும் இடம் அது. மார்கழியில் ஏற்காட்டுக் குளிரில் விடிகாலை எழுந்து பாடும் பெரியம்மாவுக்கு இதைக் காட்டாமல் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வியட்நாம்: இரண்டு துறைமுகம், இரண்டு வழி

பூ மையிலிருந்து ஹோ சி மின் நகரம் எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இங்கே கப்பலின் போக்குவரத்து பஸ் மிகப் பொருத்தம். நகர நடுவில் இறங்கினால் 1891-ல் கட்டி முடித்த தபால் நிலையம், 1975 ஏப்ரல் 30 அன்று டாங்கிகள் வாசலை உடைத்து நுழைந்த மறுஇணைப்பு அரண்மனை, பென் தான் சந்தை, அதன் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் எல்லாம் கிட்டக்கிட்ட. போர்க்காலத்தில் தோண்டிய கூ சி (Cu Chi) சுரங்கங்கள் நகரத்தைத் தாண்டி வடமேற்கில் இருக்கின்றன. அங்கேயும் போக நினைத்தால் நாள் முழுவதும் வண்டியில்தான்.

பெரியப்பாவுக்கு வியட்நாமின் காபித் தோட்டங்களைப் பார்க்க வேண்டும். உலகத்தில் பிரேசிலுக்கு அடுத்து அதிகம் காபி விளைவது அங்கேதான், அதுவும் பெரும்பாலும் ரோபஸ்டா. சேர்வராயன் மலையில் நாம் வளர்ப்பது அராபிகா. ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தத் தோட்டங்கள் டாக் லாக் போன்ற நடு மேட்டுநில மாகாணங்களில், இந்தத் துறைமுகங்களிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாத தூரத்தில். ஆகவே குடித்துத்தான் ஒப்பிட வேண்டும். டம்ளர் மேல் சின்ன வடிகட்டி வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்கி, அடியில் கெட்டிப் பால் ஊற்றித் தருவார்கள். நம் பில்டர் டிகாஷனுக்குக் கூடப்பிறந்தது போல இருக்கும்.

சான் மே வேறு மாதிரி. அங்கே துறைமுகத்தில் ஒன்றும் இல்லை. வடக்கே ஹுவே அரண்மனைக் கோட்டை, தெற்கே தா நாங், அதற்கும் தெற்கே ஹோய் ஆன், உள்ளே தள்ளி மி சோன் என்று நான்கு ஆசைகள். எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கும் டூர்களை ஒதுக்குங்கள். நான்கு பேருக்கு வேன் பேசி, ஹாய் வான் சுரங்கப்பாதை வழியாக முதலில் தா நாங்கில், பழைய சாம் அரசர்கள் காலத்துச் சிற்பங்களை வைத்திருக்கும் சாம் சிற்ப அருங்காட்சியகம், பிறகு ஹோய் ஆன், திரும்பக் கப்பல். இதுதான் என் தேர்வு.

காரணம் உண்டு. மி சோனில் செங்கல்லில் கட்டிய சிவன் கோயில்கள் இருக்கின்றன. சாம் அரசர்கள் நான்காம் நூற்றாண்டு முதல் கட்டியவை. போரில் குண்டு விழுந்து நிறையச் சிதைந்துவிட்டது. போய்வர நேரமும் வேண்டும், வெயிலில் நடக்கவும் வேண்டும். அங்கே கிடைத்த சிறந்த சிற்பங்கள் பலவும் தா நாங் அருங்காட்சியகத்தில் கண்மட்டத்தில் நிற்கின்றன. சிவனும் விநாயகரும் லிங்க பீடங்களும் ஆடும் அப்சரஸும் நமக்குத் தெரிந்த இலக்கணத்தில், ஆனால் வேறு முகத்தோடு. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இங்கே ஒரு மணி நேரம் போதவே போதாது. கப்பல் டூர் பஸ் அவ்வளவு நேரம் இங்கே நிற்பது அபூர்வம், அதனால்தான் வேன் என்கிறேன். வியட்நாமியரின் டேட் (Tet) புத்தாண்டு நாட்களில் கப்பல் வந்தால் கடைகளும் காட்சியகங்களும் மூடியிருக்கலாம். அதையும் முன்கூட்டியே பாருங்கள். சைவத்துக்கு ‘சாய்’ என்று எழுதிய கடைகளைத் தேடுங்கள், புத்த வழிச் சைவம், மீன் சாறு கலக்க மாட்டார்கள்.

செமராங், பாலி

செமராங்கில் யோசிக்கவே வேண்டாம், போரோபுதூர் என்றால் கப்பல் டூர்தான். சாலையில் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஏற்ற இறக்கமும் உண்டு. கோயிலின் மேலடுக்குகளுக்கு ஒரு நாளில் இத்தனை பேர்தான் என்று அளவு வைத்திருக்கிறார்கள், முன்பதிவு வேண்டும். எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டில் ஜாவாவின் சைலேந்திர அரசர்கள் எழுப்பிய அந்தக் கல் மலையில் 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள், 504 புத்தர் சிலைகள். டூர் வாங்கும்போது மேலே ஏறும் அனுமதி அதில் அடக்கமா, தரையிலிருந்து பார்ப்பது மட்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலேயே தலைசுற்றும் மாமாவும், செங்குத்துப் படி ஏற முடியாத பெரியப்பாவும் செமராங் ஊரிலேயே இருந்து, டச்சுக்காரர்கள் ரயில்வே அலுவலகமாகக் கட்டிய லாவாங் செவுவையும் சாம் போ கோங் சீனக் கோயிலையும் பார்க்கலாம்.

பாலியில் டிரைவரோடு கார் பேசுவதுதான் அந்த ஊர் வழக்கம். தெற்கே உலுவாட்டு, வடக்கே உபுட், மேற்கே தானா லோட் என்று மூன்று திசை. நெரிசல் கடுமை, அதனால் ஒரே திசை. மாசியில் அங்கே மழைக்காலம், குடை வேண்டும்.

சிங்கப்பூரைப் பற்றி ஒரே ஒரு விஷயம். டூர் எதுவும் வேண்டாம், மெரினா பே முனையம் என்றால் மெரினா சவுத் பியர் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் நடக்கும் தூரம். கடைசி நாளில் கப்பலிலிருந்து இறங்கியவுடன் விமானத்துக்கு ஓடுவதா, ஒரு ராத்திரி தங்குவதா என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது. சேலத்துக்குப் பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து நேராக வந்து இறங்கத் திருச்சி, கோவை இரண்டும் உண்டு. காலையில் இறங்கும் நேரம் தள்ளிப்போகலாம் என்பதால் மதியத்துக்கு முந்தைய விமானத்தைப் போடாதீர்கள். மாலை விமானம் கிடைத்தால் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மனையும் சிராங்கூன் சாலைச் சாப்பாட்டையும் முடித்துவிட்டுக் கிளம்பலாம். கிடைக்காவிட்டால் தங்கிவிட்டு மறுநாள் திருச்சிக்கு வாருங்கள், அங்கிருந்து சேலம் மூன்று மணி நேரம்தான். ஏறும்போதும் இதே கணக்குதான்: கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே சிங்கப்பூரில் இருக்க வேண்டும், இதில் மட்டும் மாற்று யோசனை வேண்டாம்.